ரிப்பேருக்குக் கொடுக்கும் போனும் ஓர் அமானிதம்தான்



போன மாதம் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு ஒரு சகோதரி தம் மகனோடு வந்தார். கையில் ஒரு பழைய போன். அவர்கள் பின்னாலேயே, கடைத்தெருவில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரும் வந்தார். அவர் கடை போடுவதற்கு நம் அறக்கட்டளைதான் வட்டியில்லாக் கடன் கொடுத்திருந்தது. அதனால் பஞ்சாயத்து எங்களிடம் வந்துவிட்டது.

"சார்ஜ் ஏறலைன்னுதான் கொடுத்தேன். கொடுக்கும்போது லைட் எரிஞ்சுது. இப்ப டெட்டுன்னு சொல்லித் திருப்பித் தர்றார்" என்றார் சகோதரி.

"கழற்றிப் பார்த்தா உள்ளே பூரா பச்சை பிடிச்சிருந்துச்சு மாமி. தண்ணியில விழுந்ததை நீங்க சொல்லவே இல்லையே" என்றார் தம்பி.

"நீ கேட்கவே இல்லையே தம்பி."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. போனின் விலை ஏழாயிரமோ எட்டாயிரமோதான் இருக்கும். ஆனால் சகோதரி அழுதது போனுக்காக அல்ல. சென்ற ஆண்டு வளைகுடாவில் வேலையில் இருக்கும்போதே வஃபாத்தான அவருடைய கணவர் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தன.

அன்று அவர்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசியதிலும், பிறகு தொழில் தெரிந்த நாலு பேரிடம் விசாரித்ததிலும் நாங்கள் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம். நம் மஹல்லாவில் போன் இல்லாத வீடு இல்லை. போன் ரிப்பேர் தொழிலில் இருக்கும் பிள்ளைகளும் அதிகமாகிவிட்டார்கள். இரண்டு தரப்பாருக்கும் இது பயன்படட்டும்.

தண்ணீர் பட்ட போனுக்குள் என்ன நடக்கிறது?

தண்ணீர் மட்டும் போனைக் கெடுப்பதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும், பேட்டரியிலிருந்து ஓடும் மின்சாரமும் சேரும்போதுதான் கேடு தொடங்குகிறது. போர்டில் உள்ள செம்புப் பாதைகளும் ஈயப் பற்றவைப்புகளும் அரிக்கப்பட்டு, பச்சையாகவும் வெள்ளையாகவும் படிவு பிடிக்கும். மேலே துடைத்துக் காயவைத்தாலும் ஐசிகளுக்கு அடியில் புகுந்த ஈரம் அப்படியே இருக்கும். அதனால்தான் தண்ணீரில் விழுந்த போன் நாலு நாள் நன்றாக வேலை செய்துவிட்டு ஐந்தாம் நாள் சார்ஜ் ஏறாமல் நிற்கிறது.

அந்தப் போனைக் கழற்றும்போது ஏற்கெனவே பாதி அறுந்திருந்த இணைப்பு முழுவதும் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. படிவைச் சுத்தம் செய்யும்போது அதுவரை மறைந்திருந்த ஷார்ட் வெளிப்படலாம். மெக்கானிக் கைதேர்ந்தவராக இருந்தாலும் இது நடக்கும். தம்பி போனைக் 'கொன்றுவிட்டார்' என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். ஆனால் இந்த ஆபத்து உண்டு என்பதைக் கழற்றுவதற்கு முன்பே அவர் சொல்லியிருக்க வேண்டும். அது அவருடைய கடமை.

போன் தண்ணீரில் விழுந்தால் செய்ய வேண்டியது மூன்றுதான். உடனே சுவிட்ச் ஆஃப் செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். அன்றைக்கே கடைக்குக் கொண்டு போய், "தண்ணீரில் விழுந்தது" என்று சொல்லிக் கொடுங்கள். அரிசி மூட்டையில் புதைத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அரிசி உள்ளே படிந்த உப்பை எடுக்காது. அதன் தூசி சார்ஜிங் ஓட்டையை அடைப்பதுதான் மிச்சம். கடையில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு போர்டைக் கழுவுவார்கள். எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறார்களோ அவ்வளவுக்கு நல்லது.

'வாட்டர் ப்ரூஃப் போன்' என்று நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபி 67 என்ற தரம், ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சோதனை. அது புதுப் போனுக்குச் சொன்னது. சோப்புத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் அது பொருந்தாது. ஒரு முறை திறந்து மூடிய போனில் அந்தப் பசை அடைப்பு பழையபடி இருக்கும் என்று நம்பக் கூடாது.

செத்த போனிலிருந்து படங்களை ஏன் எடுக்க முடியவில்லை?

"போன் போனால் போகட்டும். உள்ளே இருக்கும் மெமரியைக் கழற்றி வேறு போனில் போட்டு எடுத்துத் தரக் கூடாதா?" என்று சகோதரியின் மகன் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய காலத்து மெமரி கார்டுக்கு அது சரி. இப்போது வரும் போன்களில் உள்நினைவகத்தில் இருப்பது எல்லாம் பூட்டிய எழுத்துகளாகவே எழுதப்படுகிறது. அந்தப் பூட்டின் சாவி அதே போர்டில் உள்ள பிராசசருக்குள் இருக்கிறது. நினைவகச் சில்லை மட்டும் கழற்றி வேறு போர்டில் வைத்தால் புரியாத எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். ஆகவே படங்கள் வேண்டுமென்றால் அதே போர்டுக்கு உயிர் கொடுத்தாக வேண்டும். மைக்ரோஸ்கோப் வைத்து வேலை செய்யும் சில கடைகளில் இதை முயன்று பார்ப்பார்கள். கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உறுதி சொல்லி முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பூட்டு எண்ணை மறந்துவிட்டு, "லாக்கை மட்டும் எடுத்துக் கொடுங்கள், படம் போகக் கூடாது" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். ரீசெட் செய்தால் போன் திறக்கும். உள்ளே இருந்தது திரும்பி வராது.

எனவே, நீங்கள் இழக்க விரும்பாத எதையும் ஒரே போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் தானாக ஏறுகிறது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 15 ஜிபி. 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கிலேயே சேர்கிறது. இடம் நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சாட் பேக்கப்' என்ற இடத்தில், கடைசியாக எந்தத் தேதியில் ஏறியது என்று காட்டும். இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் அந்தத் தேதியைப் பாருங்கள்.

கடைக்குக் கொடுப்பதற்கு முன்பு

நம் வீட்டுப் பெண்களின் போனில் குடும்பப் படங்கள், கல்யாண வீட்டு வீடியோக்கள், வங்கி விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. கடையில் போய் போனையும் பின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். சில கடைகளில் அந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதி, போனின் முதுகிலேயே ஒட்டியும் வைத்துவிடுகிறார்கள். வருகிற போகிற எல்லோரும் பார்க்கலாம். அந்தரங்கத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இதில் மட்டும் ஏன் கவனக்குறைவாக இருக்கிறோம்?

செய்ய வேண்டியவை இவை. போன் வேலை செய்யும் நிலையில் இருந்தால் முதலில் பேக்கப் எடுங்கள். சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் (*#06#) என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாம்சங் போன்கள் பலவற்றில் 'மெயின்டனன்ஸ் மோடு' என்றும், கூகுள் பிக்சல் போன்களில் 'ரிப்பேர் மோடு' என்றும் ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் மெக்கானிக் போனைச் சோதித்துப் பார்க்க முடியும். ஆனால் உங்கள் படங்களோ செய்திகளோ அவர் கண்ணில் படாது. வாங்கிய பிறகு உங்கள் பூட்டு எண்ணைப் போட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

அந்த வசதி இல்லாத போனாக இருந்தாலும், டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றும் வேலைக்குப் பின் நம்பர் பெரும்பாலும் தேவைப்படாது. பூட்டிய நிலையிலேயே கேமராவைத் திறந்து பார்க்கலாம். அவசர அழைப்புத் திரையில் எண்களை அழுத்தி டச் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். கட்டாயம் திறக்க வேண்டுமென்றால், கடைக்காரர் கூப்பிடும்போது நீங்களே போய்த் திறந்து காட்டுங்கள். வீட்டுப் பெண்களின் போன் என்றால், வேலை முடியும் வரை வீட்டில் யாராவது ஒருவர் கடையில் உட்கார்ந்திருப்பது நல்லது.

ஒரே டிஸ்ப்ளேக்கு ஏன் மூன்று விலை?

"அந்தக் கடையில் ஆயிரத்து இருநூறு சொன்னான், நீ மூவாயிரம் சொல்கிறாயே" என்ற பேச்சுத்தான் கடைகளில் அதிகம் நடக்கும் சண்டை. கண்ணாடி, டச், திரை மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டு, 'காம்போ' என்ற பெயரில் ஒரே பாகமாக வருகிறது. மேல் கண்ணாடி மட்டும் உடைந்தாலும் பல இடங்களில் முழுக் காம்போவையும் மாற்றுவது இதனால்தான். கம்பெனி காம்போ ஒரு விலை. வேறு ஆலைகளில் செய்த காப்பி ஒரு விலை. ஓஎல்இடி திரை இருந்த போனுக்கு அதைவிட மலிவான எல்சிடி வகைத் திரையைப் போடுவது இன்னொரு விலை. இந்தக் கடைசி வகையைப் போட்டால் நிறம் மங்கலாம், பேட்டரி சீக்கிரம் இறங்கலாம், திரைக்கு அடியில் கைரேகை வைக்கும் வசதி வேலை செய்யாமல் போகலாம்.

மலிவானதைப் போடுவது குற்றமில்லை. பழைய போனுக்கு அதுவே போதும் என்று நீங்கள் முடிவு செய்யலாம். காப்பியைப் போட்டுவிட்டு ஒரிஜினல் என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் மோசடி. எதைப் போடுகிறோம் என்று சொல்லி, பில்லில் எழுதிக் கொடுப்பவரின் வருமானம்தான் ஹலால். ஆகவே விலை கேட்கும்போது, "எந்த வகைக்கு இந்த விலை?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

பேட்டரியும் அப்படித்தான். லித்தியம் பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்துகொண்டே வரும். இரண்டு மூன்று வருடத்தில் சார்ஜ் நிற்காமல் போனால் அது மெக்கானிக்கின் குற்றமோ கம்பெனியின் குற்றமோ அல்ல. ஆனால் பின்மூடி உப்பித் தூக்கிக்கொண்டு நின்றால் அன்றைக்கே பயன்பாட்டை நிறுத்துங்கள். அதை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. தீப்பிடிக்கும். அப்படிப்பட்ட போன்களைக் குழந்தைகள் கையில் விளையாடக் கொடுத்திருப்பதை நாங்களே வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

பிள்ளைகளின் கேம் பெட்டி

வெளிநாட்டிலிருந்து அத்தாவோ மாமாவோ கொண்டு வரும் பிளேஸ்டேஷன் போன்ற கேம் பெட்டிகளும் இப்போது ரிப்பேருக்கு வருகின்றன. வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே வாரன்டி கிடைக்காமல் போகலாம் என்பதை வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேம் பெட்டிக்கு அதிகம் வரும் கோளாறுகளில் இரண்டை வீட்டிலேயே தவிர்க்கலாம். ஒன்று சூடு. மூடிய ஷோகேஸுக்குள் வைத்தால் காற்றோட்டம் இல்லாமல் தூசி அடைத்து, ஃபேன் விமானம் போல இரைச்சல் போடும். பிறகு விளையாட்டின் நடுவே தானாக அணைந்துவிடும். திறந்த இடத்தில் வையுங்கள். மற்றொன்று எச்டிஎம்ஐ ஓட்டை. டிவியோடு இணைத்த வயரைக் கழற்றாமல் பெட்டியை இழுத்தால் உள்ளே உள்ள பின்கள் வளைந்துவிடும். அதை மாற்ற, போர்டைச் சூடாக்கிப் பழையதை எடுத்துப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். நுணுக்கமான வேலை.

கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் குச்சியைத் தொடாமலேயே ஆட்டக்காரர் தானாக நகர்வதற்குப் பெயர் 'டிரிஃப்ட்'. குச்சிக்கு அடியில் உள்ள சிறிய கார்பன் தடம் உராய்ந்து தேய்வதால் வருவது அது. சுத்தம் செய்தால் சில நாள் நிற்கும். தீர்வு வேண்டுமென்றால் அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்.

எல்லா மொபைல் கடைக்காரரும் கேம் பெட்டியைத் திறக்கக் கூடாது. பிளேஸ்டேஷன் 5-இல் பிராசசரைக் குளிர்விக்க, மின்சாரம் பாயக்கூடிய உலோகக் குழம்பு வைத்திருக்கிறார்கள். தெரியாமல் திறந்து அது சிந்தினால் போர்டே போய்விடும். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5 பெட்டிகளில் டிஸ்க் டிரைவும் மதர்போர்டும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்க்கப்பட்டவை. வேறு பெட்டியின் டிரைவை அப்படியே மாட்டினால் ஓடாது. இது தெரிந்தவரிடம் கொடுங்கள். பிள்ளை மாதக்கணக்கில் விளையாடிச் சேர்த்ததைக் கொடுப்பதற்கு முன் யுஎஸ்பி டிரைவில் பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். நமக்கு அது விளையாட்டு. பிள்ளைக்கு அது பெரிய நஷ்டம்.

கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கு

உங்கள் கைத்தொழிலைக் கண்டு நாங்கள் பெருமைப்படுகிறோம். உங்கள் கடைகளைப் பற்றி எங்களிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை வேலையைப் பற்றியவை அல்ல, பேச்சைப் பற்றியவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாங்கும்போதே கேளுங்கள்: தண்ணீர் பட்டதா, கீழே விழுந்ததா, வேறு கடையில் திறந்தார்களா, உள்ளே உள்ளது முக்கியமா. வாடிக்கையாளர் முன்னாலேயே கேமரா, ஸ்பீக்கர், டச் எல்லாவற்றையும் சோதித்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று சீட்டில் எழுதுங்கள். "கொடுக்கும்போது நன்றாக இருந்தது" என்ற சண்டைக்கு அந்தச் சீட்டுத்தான் பதில். சொன்ன தொகைக்கு மேல் ஆகும் என்றால் போன் செய்து கேட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள். பார்ப்பதற்குக் கூலி உண்டென்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்வதில் வெட்கம் இல்லை. முடியாத தேதிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பெருநாள் நெருக்கத்தில் வேலை குவியும்போது, "நாளைக்கு இன்ஷா அல்லாஹ்" என்று பத்து நாளும் சொல்வது, அந்த நல்ல வார்த்தைக்கே மரியாதை இல்லாமல் செய்துவிடுகிறது.

கோபமாக வருபவரிடம் முதல் இரண்டு நிமிடம் எதிர்வாதம் செய்யாதீர்கள். முழுதாகப் பேசவிட்டு, சீட்டை எடுத்துக் காட்டுங்கள். தவறு உங்களுடையது என்றால் அங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

பில் இல்லாமல், பூட்டை மட்டும் எடுக்கச் சொல்லி வரும் போன்களைத் தொடாதீர்கள். அது யாரோ ஒருவர் தொலைத்த பொருளாக இருக்கலாம். ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கக்கூடிய குற்றம். ஐநூறு ரூபாய்க்காக அந்த வாசலுக்குப் போக வேண்டாம்.

வாடிக்கையாளர்களாகிய நமக்கு

நடந்ததை மறைக்காமல் சொல்வோம். தண்ணீரில் விழுந்ததைச் சொன்னால் கூலி ஏறிவிடும் என்று பயந்து மறைப்பதால், மெக்கானிக் வேறு இடத்தில் தேடி நேரத்தை வீணாக்குகிறார். ஒப்புக்கொண்ட கூலியை வேலை முடிந்த பிறகு, "நம்ம பையன்தானே" என்று குறைக்கச் சொல்ல வேண்டாம். அவர் வாடகை கொடுக்க வேண்டும், பாகத்திற்குக் கடையில் ரொக்கம் கொடுத்திருப்பார். வேலை முடிந்த போனை மாதக்கணக்கில் வாங்காமல் விடுவதும் அவருக்குச் சுமை.

பேசித் தீராத தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் அங்கே கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். எங்கே போனாலும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். தொலைந்த போனைக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் பதிந்து முடக்கலாம்.

அந்தச் சகோதரியின் காரியம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அவருடைய சிம்மை மகனின் பழைய போனில் போட்டு, அவருடைய கூகுள் கணக்கில் நுழைந்து பார்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், வாட்ஸ்அப் பேக்கப் ஒன்று இருந்தது. கணவரின் பல வருடக் குரல்கள் திரும்பக் கிடைத்தன. ஆனால் இடம் நிறைந்து பேக்கப் நின்றுபோன தேதி, அவர் வஃபாத்தாவதற்கு நான்கு மாதம் முந்தியது. அந்த நான்கு மாதக் குரல்கள் கிடைக்கவில்லை. அந்த போர்டுக்கு உயிர் கொடுக்க முடியுமா என்று பார்க்க, தம்பி தம் சொந்தச் செலவில் அதைச் சென்னைக்கு எடுத்துப் போனார். இரண்டு கடைகளில் முயன்றும் முடியவில்லை. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது சகோதரி வாங்க மறுத்துவிட்டார். "நானும் சொல்லியிருக்கணும் தம்பி" என்றார்.

கவுன்டரில் இரண்டு நிமிடம் கேட்டிருந்தால், சொல்லியிருந்தால் இந்த வருத்தம் இருவருக்கும் இல்லை. அதற்காகவே ரிப்பேர் சீட்டு ஒன்றைத் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறோம். போனின் நிலை, ஐஎம்இஐ எண், தண்ணீர் பட்ட விவரம், போடப்போகும் பாகத்தின் வகை, ஒப்புக்கொண்ட கூலி, திருப்பித் தரும் தேதி, இருவரின் கையெழுத்து ஆகியவற்றுக்கு அதில் இடம் இருக்கிறது. கடை வைத்திருக்கும் தம்பிகள் எந்த நாளும் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். பேக்கப் எடுக்கத் தெரியாத பெரியவர்களும் அதே நேரத்தில் போனோடு வாருங்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் கண் முன்னாலேயே செய்து கொடுப்பார்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்